நாற்று நடுவதற்கு முன் சேற்றை அளந்து பாருங்கள்

காவிரிக் கழிமுகக் கடலோர மாவட்டங்களில் ஈரநில மீட்புத் திட்டம் வகுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்



பிச்சாவரம் தொடங்கி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரை அலையாத்திக் காடும் உப்பங்கழியும் சேற்றுத் திட்டும் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன, அவற்றை எப்படி மீட்கலாம் என்று எழுதித்தரும் பொறுப்பு இப்போது உங்களிடம் இருக்கிறது. மாநில அரசின் ஈரநில இயக்கம், ஒன்றிய அரசு 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்த அலையாத்தித் திட்டம் என்று பணத்துக்கான வழிகள் திறந்திருக்கும் காலம் இது. பணம் வரும் காலத்தில்தான் அவசரமும் வரும். மார்ச்சுக்குள் செலவுக் கணக்கை முடிக்க வேண்டும். இத்தனை லட்சம் நாற்று, இத்தனை ஹெக்டேர் என்று ஓர் எண் மேலிடத்துக்குப் போக வேண்டும். இந்த மடல் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சேதமடைந்த ஒவ்வொரு திட்டும் ஏன் சேதமடைந்தது என்பதை, அளந்த சான்றோடு, முதலில் எழுதிவையுங்கள். அந்தக் காரணம் கோப்பில் ஏறாத வரை அந்த இடத்துக்கு நாற்றும் வேண்டாம், கல்லும் வேண்டாம், ஒப்பந்தப்புள்ளியும் வேண்டாம்.

செயற்கைக்கோள் படம் காடு எங்கே குறைந்தது என்று காட்டும். ஏன் குறைந்தது என்று காட்டாது. மூன்று வெவ்வேறு கேடுகள் படத்தில் ஒரே நிறத்தில் தெரிகின்றன. முதலாவது விளிம்பு அரிப்பு. கடல் வற்றும் நேரத்தில் படகில் போய்ப் பார்த்தால் அங்கே கரை செங்குத்தாக நிற்கும். அதன் அடியை அலை குடைந்திருக்கும். வேர்கள் வெளியே தொங்க, மரம் பச்சை இலையோடு சேற்றுக் கட்டியுடன் சேர்ந்து சரிந்து கிடக்கும். மரத்துக்கு ஒரு நோயும் இல்லை. காலடி மண்தான் போயிருக்கிறது. இரண்டாவது மூழ்குதல். விளிம்பு அப்படியே இருக்க, உள்ளே மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருக்கும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் வற்றத்தின்போதும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டா. தரை தாழ்ந்திருக்கும், அல்லது வண்டல் வரத்துக் குறைந்து, ஏறும் கடல்மட்டத்துக்கு ஈடாக உயர முடியாமல் பின்தங்கியிருக்கும். மூன்றாவது தேக்கம். ஓடை அடைபட்டு, ஏறிய ஓதநீர் இறங்க வழியில்லாமல் பள்ளத்தில் நின்று, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் மிஞ்சிய நிலம் அது. கோடையில் அங்கே உப்பு வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும். பழைய அடிக்கட்டைகள் கறுத்து நிற்கும். உமரியைத் தவிர வேறொன்றும் முளைக்காது. மிக மோசமான பள்ளங்களில் உமரியும் இருக்காது.

இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. விளிம்பு அரிப்புக்கு அலையின் வேகத்தைத் தணித்து, வந்த வண்டலைத் தங்கவைக்க வேண்டும். மூழ்கும் நிலத்துக்கு வண்டல் வந்து சேர வேண்டும், அல்லது அது தாழ்வதற்கான காரணம் நீங்க வேண்டும். தேங்கிய நிலத்துக்கு வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்தாலே பெரும்பாலும் போதும். மாற்றிச் செய்தால் பணம் வீணாவதோடு நிற்காது. தேக்க நிலத்தைக் காப்பாற்றும் அதே வாய்க்கால், மூழ்கிக்கொண்டிருக்கும் நிலத்தில் அலையையும் உவர்நீரையும் உள்ளே அழைத்துவரும். அமெரிக்காவின் லூசியானா சதுப்புநிலங்களில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்காக வெட்டிய கால்வாய்கள் அதைத்தான் செய்தன. 1932 முதல் 2016 வரை அந்த மாநிலம் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் கடலோர நிலத்தை இழந்தது. அது 1932இல் இருந்ததில் கால் பங்கு. மிசிசிப்பியின் கரைகளை உயர்த்தியதால் வண்டல் நின்றது முதல் தரை அமுங்கியது வரை அந்த இழப்புக்குக் காரணங்கள் பல. கால்வாய்களும் அவற்றை வெட்டிய மண்ணைக் கொட்டி எழுந்த கரைமேடுகளும் அந்தப் பட்டியலில் முக்கியமான இடத்தில் இருக்கின்றன. வாய்க்கால் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. எந்த நிலத்தில் என்பதுதான் கேள்வி.

காரணத்தைத் தவறாகக் கண்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. பிச்சாவரமே சான்று. அங்கே காடு தேய்ந்ததற்குச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தை ஏற்றால் வைத்தியம் காவலும் தடையும்தான். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து நிலத்தை ஆராய்ந்தபோது வேறு கதை வெளிப்பட்டது. சென்ற நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் வனத்துறையே பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டும் முறையைக் கையாண்டிருந்தது. நிழல் போன சேறு வெயிலில் காய்ந்தது. ஈரம் வற்ற வற்ற மண் சுருங்கி, நடுவில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தில் தேங்கிய ஓதநீர் உப்பாக மாறியது. தண்ணீரில் விதைகள் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன. அந்த உப்பில் அவை பிழைக்கவில்லை. காவல் போட்டு எத்தனை ஆண்டு காத்தாலும் அங்கே காடு திரும்பியிருக்காது. இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டி, ஓதநீர் தினமும் ஏறி இறங்க வழிசெய்த பிறகே மண்ணின் உப்பு குறைந்தது. வாய்க்காலின் அடியிலும் நடாமல் மேட்டிலும் நடாமல், சரிவின் நடுவில் தண்ணீர் தொட்டுத் திரும்பும் உயரத்தில் நட்டார்கள். 1986ஆம் ஆண்டுப் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்ட ஆய்வு, பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதைக் கண்டது. ஊரைக் குற்றவாளியாக்கிய காரணம் கோப்பிலிருந்து நீங்கியதால்தான் ஊரும் கூட்டாளியாக வந்து நின்றது. இதை உங்கள் ஆவணத்தின் முதல் பக்கத்தில் வைக்கலாம்.

காரணம் பார்க்காமல் நட்டதன் விளைவுக்குப் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே கண்டல் என்னும் அலையாத்தி மரங்களை நடும் இயக்கம் பெருகியது. நல்லெண்ணத்துக்கும் பணத்துக்கும் குறைவில்லை. அந்தத் திட்டங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வின் முடிவு இது: மீட்பு முயற்சி நடந்த 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் 200 முதல் 220 ஹெக்டேரில் மட்டுமே காடு நிலைத்தது. பார்வையிட்ட 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கல்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. பொருந்தாத உயரத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்ட பின் யாரும் திரும்பிப் பார்க்காததும் இந்தத் தோல்வியில் பெரும்பங்கு வகித்தன. கண்டல் மரம் கடலில் வளர்வதில்லை. கடலும் நிலமும் மாறி மாறி ஆளும் ஒரு குறுகிய உயர வரம்புக்குள் வளர்கிறது. நாளின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே தண்ணீரில் நிற்கும் தரைதான் அதற்கு ஏற்றது என்பது புளோரிடாவின் ராய் லூயிஸ் போன்ற மீட்பு வல்லுநர்கள் வற்புறுத்திவந்த விதி. யாருக்கும் சொந்தமில்லாத, வழக்கு வராத, வெறுமையாகத் தெரியும் சேற்றுப் பரப்பு பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழே இருக்கும். நடுவதற்கு வசதியான இடமும் மரம் வளரும் இடமும் அதனால்தான் பொருந்திப் போவதில்லை. போதாக்குறைக்கு அந்த வெறுமையான சேறு வலசை வரும் உள்ளான்களின் மேய்ச்சல் நிலம். ஊர்ப் பெண்கள் நண்டும் மட்டியும் பொறுக்கும் இடம்.

இனி அளவைப் பற்றி. உங்கள் மதிப்பீடு தொடங்குவது பழைய படங்களிலிருந்துதான். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள், 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்துப் பின்னர் பொதுவில் விடப்பட்ட படங்கள், 1972 முதல் லேண்ட்சாட், 2015 முதல் செண்டினல் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சான்று கிடைக்கிறது. ஆனால் இந்தப் படங்களை அடுக்கிக் கோடு கிழிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. சேற்றுக் கரையின் சரிவு மிகக் குறைவு. ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள ஒரு சேற்றுப் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுத்த நேரத்தில் கடல் 30 சென்டிமீட்டர் ஏறியிருந்து, அடுத்த படத்தில் வற்றியிருந்தால், நீர்விளிம்பு 300 மீட்டர் இடம்பெயர்ந்ததாகத் தெரியும். அங்கே ஒரு கைப்பிடி மண்கூடப் போயிருக்காது. ஏற்றவற்றம் குறைவான நம் கரையில்கூட இந்தப் பிழை உண்மையான அரிப்பைவிடப் பல மடங்கு பெரியதாகிவிடும். ஆகவே படம் எடுத்த நேரத்தின் ஓத உயரத்தை ஒவ்வொரு படத்தின் அருகிலும் குறியுங்கள். நீர்விளிம்பைப் பிடிக்காமல் மரவிளிம்பைப் பிடியுங்கள். மழைக்காலப் படத்தைக் கோடைப் படத்தோடு ஒப்பிடாதீர்கள். பிற்கால லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டர், செண்டினலின் ஒரு புள்ளி 10 மீட்டர். அதற்குக் குறைவான மாற்றத்தை ஆண்டுக்கு ஆண்டு பார்த்ததாக எழுதும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். இன்னொன்று: 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட மரங்களால் முத்துப்பேட்டைப் படங்களில் பச்சை திடீரென்று குறைகிறது. அது காற்றின் வேலை. அதை அரிப்புக் கணக்கில் சேர்த்தால் மொத்தக் கணக்கும் திரிந்துவிடும்.

படம் கிடைமட்டத்தைச் சொல்லும். நமக்கு வேண்டியது செங்குத்து அளவு: தரை ஏறுகிறதா, தாழ்கிறதா? இதற்கு உலகெங்கும் பயன்படும் ஒரு கருவி இருக்கிறது, நுட்பம் எளியது. எஃகுக் கம்பியைத் துண்டு துண்டாக இணைத்து, இனி இறங்காது என்னும் ஆழம் வரை சேற்றில் அடித்து இறக்குவார்கள். அளக்கப் போகும்போது மட்டும் அதன் தலையில் ஒரு கிடைக்கையைப் பொருத்தி, அதிலுள்ள ஒன்பது ஊசிக்கம்பிகளையும் தரையை மெல்லத் தொடும்வரை இறக்கி, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் மேலே நீண்டிருக்கிறது என்று எழுதுவார்கள். கையைத் திருப்பித் திருப்பி நான்கு திசையிலும் இப்படி. சற்றுத் தள்ளி, தரைமீது வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் தூளை ஒரு படலமாகத் தூவிவிடுவார்கள். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அங்கே கத்தியால் ஒரு சிறு துண்டம் வெட்டியெடுத்தால் பழுப்புச் சேற்றுக்குள் வெள்ளைக் கோடு தெரியும். கோட்டுக்கு மேலிருப்பது இடையில் படிந்த வண்டல். படிந்தது 5 மில்லிமீட்டர், தரை உயர்ந்தது 1 மில்லிமீட்டர் என்றால் மீதி 4 மில்லிமீட்டர் அடியில் அமுங்கியிருக்கிறது. உலக அளவில் கடல்மட்டம் ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் ஏறும் காலத்தில் அந்தத் திட்டு தோற்றுக்கொண்டிருக்கிறது, இன்று எவ்வளவு பசுமையாகத் தெரிந்தாலும். லூசியானாவில் இப்படிப்பட்ட அளவுகளை ஏறத்தாழ 390 நிலையங்களில் தொடர்ந்து எடுக்கிறார்கள். நமக்கு அத்தனை வேண்டாம். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கெட்ட திட்டிலும் நல்ல திட்டிலுமாகச் சில இடங்கள், அதோடு ஓடை வாய்களில் ஓத அளவுகோல், மண்ணின் உப்பைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் பார்க்கும் ஒழுங்கு. இவ்வளவு இருந்தாலே மூன்று கேடுகளும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

அடுத்தது மண்ணின் வரவுசெலவு. கிருஷ்ணராஜ சாகரும் 1934இல் முடிந்த மேட்டூரும் காவிரியின் வண்டலைத் தேக்கிவைத்துக்கொள்கின்றன. அதைத் தாண்டி வரும் மணலைக் கொள்ளிடத்தின் குவாரிகள் அள்ளுகின்றன. கடைமடையில் உவர்நீர் ஏறாமலிருக்கக் கட்டிய இயக்கணைகள் மிஞ்சியதையும் தடுத்து நிறுத்துகின்றன. இன்னொரு பக்கம், பாமணியாறும் கோரையாறும் கிளைத்தாங்கியாறும் வந்து சேரும் முத்துப்பேட்டைக் காயலில் மீனவர்களின் குறை நேர்மாறானது: காயல் ஆழம் குறைந்துவிட்டது, முகத்துவாரம் தூர்ந்துவிட்டது என்கிறார்கள். ஒரே கழிமுகத்தில் ஓரிடத்தில் மண் பற்றாக்குறை, இன்னோரிடத்தில் மண் மிகை. எது எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு பக்கக் கணக்குப் போடாமல் தூர்வாரும் எஸ்டிமேட்டையும் நடும் எஸ்டிமேட்டையும் தனித்தனித் துறைகள் தயாரித்தால், ஒருவர் வாரிக் கொட்டிய மண் இன்னொருவர் வாய்க்காலை அடைக்கும். கடற்பக்கமும் இப்படித்தான். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கே நகர்கிறது, வாடைக்காலத்தில் தெற்கே திரும்புகிறது. வன்னி, தெண்டி என்று மீனவர்கள் பெயரிட்டு அழைக்கும் நீரோட்டங்கள் எப்போது தொடங்கின, எந்த மாதத்தில் எவ்வளவு வலுவாக ஓடின என்று கேட்டால் நாள்வாரியாகச் சொல்வார்கள். பிச்சாவரத்தைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல்திட்டின் வளர்ச்சியும் தேய்வும் இந்த ஓட்டத்தைப் பொறுத்தது. அந்தத் திட்டு உடைந்தால் உள்ளே எத்தனை வாய்க்கால் வெட்டியும் பயனில்லை. ஆகவே மணல்திட்டின் அகலத்தை அளப்பது காட்டை அளப்பதன் ஒரு பகுதிதான்.

அரிப்பு தெரிந்தவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கல். வீட்டு வாசல்வரை கடல் வந்துவிட்ட ஊரில், கல்லால் கட்டும் தூண்டில் வளைவு கேட்டுச் சாலையில் உட்காரும் மக்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுடைய அச்சம் நியாயமானது; உயிரும் உடைமையும் உடனடியாகக் காக்கப்பட வேண்டும். ஆனால் ஊர்க்காப்பை ஈரநில மீட்பு என்ற தலைப்பில் எழுதாதீர்கள். இரண்டும் வேறு வேலை, வேறு கணக்கு. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புகள் எழுந்த பின் வடக்கே நகரும் மணல் தடைபட்டது. நகரத்தின் கடற்கரை மறைந்தது. கல் கொட்டிக் கரையை நிறுத்தியபோது அரிப்பு வடக்கே தமிழகக் குப்பங்களுக்கு நகர்ந்தது. மணல் கரையிலேயே இந்த நிலை என்றால் சேற்றுக் கரையில் கல் இன்னும் கெடுதல். சுவரில் மோதித் திரும்பும் அலை சுவரின் காலடிச் சேற்றைக் கிளறி எடுத்துச் செல்கிறது. கல் தன் கனத்தாலேயே அமுங்குகிறது. பின்னாலுள்ள காட்டுக்கு வர வேண்டிய வண்டலும் விதையும் வெளியே நின்றுவிடுகின்றன. கண்டல் உள்ள நலமான சேற்றுக் கரையின் குறுக்குவெட்டு மேல்நோக்கிப் புடைத்திருக்கும். அரிபடும் கரையின் குறுக்குவெட்டு உள்நோக்கிக் குழிந்திருக்கும். குழிந்த கரையில் அலை வலுவிழக்காமல் விளிம்புவரை வந்துவிடுகிறது. அதைத் திரும்பப் புடைக்கவைப்பதுதான் விளிம்பு அரிப்புக்கான வைத்தியம். இந்தோனேசியாவின் நடு ஜாவாவிலுள்ள டெமாக் கரையில் 2015 முதல் அதற்காகக் கம்புகளை இருவரிசையாக நட்டு நடுவில் சுள்ளிக் கட்டுகளை அடைத்த, தண்ணீர் ஊடுருவும் தடுப்புகளை அமைத்தார்கள். அலை தணிந்து, பல இடங்களில் பின்னால் சேறு படிந்தது. ஆனால் அதே கரையில், நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் தரை சில இடங்களில் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்துகொண்டிருந்தது. தடுப்புப் பிடித்த சேற்றை அந்தத் தாழ்வு விழுங்கியது. கப்பல்புழு தடுப்புகளை அரித்தது. விளிம்பு அரிப்புக்குச் சரியான வைத்தியம்தான். ஆனால் அடியில் மூழ்குதல் என்ற இரண்டாவது கேடு இருந்தது. காவிரிக் கழிமுகத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவரும் நிலையில் இந்தப் பாடம் நமக்கு நேரடியானது.

இவ்வளவும் அளந்துகொண்டிருந்தால் அதற்குள் கடல் கொண்டுபோய்விடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தரைமட்ட அளவு நம்பத்தக்க போக்கைக் காட்ட மூன்று ஆண்டாவது ஆகும். ஆனால் மூன்று கேடுகளில் எது என்று கண்டறிய அத்தனை காலம் தேவையில்லை. பழைய படங்களை ஓதத்துக்குத் திருத்தி ஒப்பிடுவது, ஒரு கோடையிலும் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகும் களத்தில் உப்பையும் தரை உயரத்தையும் ஓடையின் குறுக்குவெட்டையும் அளப்பது, ஊராரிடம் எந்த ஓடை எந்த ஆண்டு அடைபட்டது என்று கேட்டு வரைபடத்தில் குறிப்பது ஆகியவை ஓர் ஆண்டுக்குள் முடியும் வேலைகள். எஃகுக் கம்பியை முதல் மாதமே இறக்கிவிட்டால் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். திட்டத்தின் நடுவில் அதன் சொல்லைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். தேக்கம் என்று ஐயமில்லாமல் தெரியும் பள்ளங்களில் அடுத்த கோடையிலேயே வாய்க்கால் வெட்டத் தொடங்கலாம். பாழான நாற்றங்காலுக்கு மறுபடி மறுபடி செலவிடுவதில் போகும் ஆண்டுகளோடு ஒப்பிட்டால், இந்த ஓராண்டு காத்திருப்பு தாமதமே ஆகாது.

நடவு ஊருக்கு வேலை தருகிறது, பள்ளிப் பிள்ளைகளை ஈர்க்கிறது, அதை நிறுத்தினால் ஆதரவு போய்விடும் என்று இன்னொரு வாதம் உண்டு. வேலை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாய்க்கால் வெட்டுவதும் வேலைதான், அதுவும் ஒருமுறையோடு முடியாத வேலை. மீன்முள் வாய்க்கால்கள் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும். வாராமல் விட்டால் பழையபடி தேக்கம்தான். வெட்டுவதற்கு நிதி ஒதுக்கிப் பராமரிப்புக்கு ஒதுக்காத திட்டம் தன் தோல்வியையும் சேர்த்தே திட்டமிடுகிறது. ஐந்தாம் ஆண்டு, எட்டாம் ஆண்டு தூர்வாருவதற்கான தொகையை இன்றைய மதிப்பீட்டிலேயே தனித் தலைப்பில் கட்டிவையுங்கள். முத்துப்பேட்டையில் மீனவர்கள் தங்கள் வாய்க்கால் மீன்பிடிக்காகக் காலங்காலமாக வெட்டி வாரிவந்த கால்வாய்களின் கரைகளில் அலையாத்தி செழித்து நிற்கிறது. அவர்கள் அதை மீனுக்காகச் செய்தார்கள், காடும் சேர்ந்து வந்தது. பிச்சாவரத்தைச் சுற்றியுள்ள இருளர் குடும்பங்கள் ஓடைச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். எந்த ஓடையின் அடி இறுகிவிட்டது, எதில் உளை கூடியிருக்கிறது என்பது அவர்களுக்குக் கைத்தொடலில் தெரியும். ஊசிக்கம்பி அளவெடுக்கும் வேலையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, கூலி கொடுத்து, பதிவேட்டில் அவர்கள் பெயரிலேயே பதியுங்கள். பிள்ளைகளை அழைத்து வரத்தான் வேண்டும் என்றால் வெள்ளைக் கோட்டுக்கு மேல் எவ்வளவு சேறு படிந்திருக்கிறது என்று அளக்க அழைத்து வரலாம்.

மேட்டூர் வண்டலும் கொள்ளிடத்து மணலும் மாவட்டக் குழுவின் கையில் இல்லை, அப்படியிருக்க அதைக் கணக்கெடுத்து என்ன பயன் என்பது கடைசி ஆட்சேபம். மற்ற ஆட்சேபங்களைவிடக் கனமானது இது. கையில் இல்லாததையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது என்று அதுதான் சொல்லும். லூசியானா தன் கடலோரத்துக்கு 2007இல் ஒரு பெருந்திட்டத்தை வெளியிட்டு, 2012, 2017, 2023 என்று புதுப்பித்துவருகிறது. அடுத்த 50 ஆண்டுகளில் திட்டம் இருந்தால் எந்த நிலம் நிற்கும், இல்லாவிட்டால் எது போகும், இருந்தும் எது போகும் என்று வரைபடமாகவே பொதுமக்கள் முன் வைக்கிறது. நம் ஆவணங்களில் இப்படி ஒரு வரைபடத்தைப் பார்க்க முடிவதில்லை. எல்லாம் மீளும் என்றே எழுதுகிறோம். அதே லூசியானா இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. மிசிசிப்பியின் சேற்றுநீரை மறுபடி சதுப்புக்குத் திருப்பிவிடும் மிட்-பரட்டாரியா திட்டம் பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 2023 ஆகஸ்டில் தொடங்கியது; ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புள்ள அந்தத் திட்டத்தை 2025 ஜூலையில் மாநில அரசே கைவிட்டது. செலவு உயர்ந்தது ஒரு காரணம். நன்னீர் வந்தால் தங்கள் சிப்பியும் இறாலும் அழியும் என்ற மீனவர்களின் எதிர்ப்பும் ஒரு காரணம். வண்டல் பற்றிய அறிவியல் சரியாக இருந்தது. அந்த மாற்றத்தில் யாருடைய பிழைப்பு நகரும் என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க விடை கிடைக்கவில்லை. முத்துப்பேட்டைக் காயலுக்குக் கூடுதல் நன்னீர் கேட்டாலும், முகத்துவாரத்தை ஆழப்படுத்தக் கேட்டாலும், உப்பளக்காரருக்கும் இறால் பிடிப்பவருக்கும் கடைமடை உழவருக்கும் அதன் விளைவு ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாட்டை மண் கணக்கோடு சேர்த்து எழுதுங்கள். கொள்ளிடத்து மணலை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். அது நிற்காவிட்டால் இன்னின்ன திட்டுகள் போகும் என்று அளவோடும் கையொப்பத்தோடும் சென்னைக்கு எழுதும் அதிகாரம் நிச்சயமாக இருக்கிறது. குவாரிக்கு அனுமதி நீட்டிப்புக் கேட்டு அடுத்த கோப்பு வரும்போது அந்தக் கடிதம் அங்கே இருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் உங்கள் அடுத்த கூட்டம் கூடுமானால், நிகழ்ச்சி நிரலில் இருக்கும் நாற்றங்கால் தீர்மானத்தை ஒரு பருவம் தள்ளிவையுங்கள். அந்த இடத்தில், சேதமடைந்த திட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வையுங்கள்: விளிம்பா, மூழ்கலா, தேக்கமா, அல்லது ஒன்றுக்கு மேற்பட்டதா, எந்த அளவு அதைச் சொல்கிறது, அளந்தவர் யார், எந்த நாளில், ஓதம் எந்த உயரத்தில் இருந்தபோது. எழுத முடியாத பக்கங்களை வெற்றாகவே விட்டு, முதலில் எங்கே அளக்கப் போவது என்பதை அவற்றைக் கொண்டு முடிவுசெய்யுங்கள்.